இரண்டாவது தடவை பிடிக்கும் பிரேக்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. நான்கு வருடம் படித்ததையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிரூபிக்கப் பார்ப்பான். நானும் நிரூபிக்கப் பார்த்தேன்.

1998. கலிபோர்னியாவில் பிளசன்டனில் வீடு, பக்கத்து ஊர் சான் ரமோனில் வேலை. கிடைத்த முதல் போனஸில் ராட்சச இன்ஜின் வைத்த ஓர் அறுபத்தாறாம் வருடத்து மஸல் கார் வாங்கினேன். ஓடுவதற்கு எட்டு சிலிண்டர் இருந்தது. நிற்பதற்குத்தான் அந்தக் காலத்து டிரம் பிரேக். இறக்கத்தில் அதை அமுக்கினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடப்போகிறேன் என்றதும் என் மனைவி பூங்கொடி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஐ.சி.யு.வில் நர்ஸ், சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"நான் ஓட்டிப் பாப்பனுங்க. ஒருக்கா அமுக்குனா நிக்கோணும். நிக்கலீன்னா நிலாவ இதுல ஏத்த மாட்டேன். வண்டிய வித்துப் போடுங்க."

நிலா எங்கள் ஒரு வயது மகள். அந்தக் காரோ என் உயிர். விற்பதாவது!

புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, உடைந்த கார்களைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டுக்குப் போனேன். நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து இரண்டு பக்கத்து டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் எல்லாவற்றையும் கழற்றி, ஒரே அரிசிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். (எது இடது, எது வலது என்று எழுதி வைப்பதெல்லாம் படிக்காதவர்கள் வேலை என்பது அன்றைய என் கருத்து.)

மாட்டியாயிற்று. இனி பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு கேலிப்பரிலுள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதையே செய்தோம்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேனுங்க."

"விடாத."

"விடலீங்க."

கராஜுக்கு வெளியே போனவர்களுக்கு உள்ளே பிரசவம் நடப்பதுபோல் கேட்டிருக்கும். குழந்தைதான் பிறக்கவில்லை. பெடல் பஞ்சு மெத்தையாகவே இருந்தது. இரண்டாவது வாரம் பூங்கொடி இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, காத்து மேலதானுங்க நிக்கும்? அந்தத் திருகாணி ஏன் அடியில இருக்குது?"

"டிசைன் அப்படி. நீ போய் அமுக்கு."

மூன்றாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதல் தடவை அமுக்கினால் பெடல் தரை வரை போகிறது. உடனே இன்னொரு தடவை அமுக்கினால் பிடிக்கிறது. அன்று மாலையே "சரியாயிடுச்சு" என்று அறிவித்துவிட்டேன். இரண்டாவது தடவை சமாசாரத்தை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் கார் பூஜை. இரண்டிரண்டு தடவை அமுக்கிக்கொண்டே நான் ஓட்டிப் போனேன். பூங்கொடி நிலாவுடன் எங்கள் இன்னொரு காரில் பின்னால் வந்தாள். அர்ச்சகர் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏறப் போகும்போது பூங்கொடி நிலாவை என் இடுப்பில் வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மெதுவா முன்னால எடுங்கோ," என்றார் அர்ச்சகர்.

எடுத்தாள். பழங்கள் நசுங்கின. பிரேக்கை அமுக்கினாள், சொன்னபடி ஒரே ஒருக்கா. கார் நிற்கவில்லை. எதிரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் செருப்பு விட்டிருந்த மர அலமாரி.

"இன்னொருக்கா அமுக்கு! ரெண்டாவது தடவைதான் பிடிக்கும்!" என்று கத்தினேன். பார்க்கிங் லாட் முழுக்கக் கேட்டது.

அமுக்கினாள். பிடித்தது. அதற்குள் அலமாரி சாய்ந்து, சுமார் நாற்பது ஜோடி செருப்பு ஜோடி பிரிந்து கிடந்தது. அர்ச்சகர் தட்டோடு ஓரமாக ஒதுங்கியிருந்தார். பூங்கொடி இறங்கி வந்தாள்.

"முன்னாடியே தெரியுமுங்களா?"

நான் குனிந்து ஒரு செருப்பை எடுத்து, அதற்கு ஜோடி தேடினேன்.

"நிலா உள்ள இருந்திருந்தா?"

இடுப்பில் இருந்த குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெட்கமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

பூங்கொடி பட்டுப்புடவையோடு சக்கரத்தருகே உட்கார்ந்தாள். "ஊசியில காத்த எடுக்கோணும்னா நுனிய மேல பாத்துப் பிடிப்போம். இது தலைகீழா இருக்குதுங்க. பக்கம் மாத்தி மாட்டிப்போட்டீங்க."

ஆமாம். இடது கேலிப்பர் வலதில், வலது இடதில். காற்று மேலே நிம்மதியாக உட்கார்ந்திருக்க, நான் மூன்று வாரம் அடியில் ஆயிலை வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிக்கியில் கிடந்த ஸ்பேனரையும் பிரேக் ஆயிலையும் எடுத்து வைத்து ஜாக்கி போட்டேன். என்னைச் சுற்றி ஊரே ஒற்றைச் செருப்போடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு கேலிப்பரையும் கழற்றி மாற்றி மாட்டி, காற்றை எடுத்தோம். இந்த முறை பெடல் கல் மாதிரி நின்றது. பூங்கொடி பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாள். பத்துத் தடவையும் ஒரே அமுக்கலில் நின்றது. பிறகு நிலாவின் சீட்டைத் தூக்கி அந்தக் காரில் வைத்தாள். அவர்கள் முன்னால் போக, நான் இன்னொரு காரில் பின்னால் போனேன். அன்றிலிருந்து சாவி அவளிடம்தான். கோயிலுக்குப் புது அலமாரி என் உபயம்.

நிலா வளர்ந்துவிட்டாள். வீட்டில் நான் எதைச் சரி செய்தாலும், எதைச் சரி என்று சொன்னாலும், இங்கிலீஷில் கேட்பாள்: "அப்பா, ஃபர்ஸ்ட் டைம் ஆர் செகண்ட் டைம்?"

போன மாதம் டாக்டரிடம் போய் வந்து, பிரஷர் நார்மல் என்று சொன்னேன். பூங்கொடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தனாவது தடவைங்க?"

"மூணாவது," என்றேன்.