திருடனுக்கு நாங்கள் வண்டி தள்ளிக் கொடுத்த விவரம்

என் அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே காரைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

விஷயத்துக்கு வருமுன் அன்றைக்கு இங்கே யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள், எனக்கு அது ஆகாது. எங்கள் வீட்டு ஆட்கள் நான், தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் என் மகன், அவன் பெண்டாட்டி, என் பேத்தி. வந்தவர்கள், பேத்தி தன் ஆபீசிலேயே பார்த்து வைத்துக்கொண்ட பையன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவன் அப்பா, பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் அவன் அம்மா. இவர்களைத் தவிர நீலச்சட்டை போட்ட ஒருத்தன். நீ இல்லை. கல்யாணப் பேச்சு, கட்டாயம் வா என்று சொல்லியும் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினாய். சின்ன வயசில் என் சிலேட்டை உடைத்துவிட்டு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நீ என்பது எனக்கு மறக்கவில்லை.

அந்த நீலச்சட்டைக்காரன் வந்தவர்களுக்குப் பின்னாலேயே வந்தான். கேட்டைத் தாழ் போட்டான், செருப்பை ஓரமாக விட்டான், கதவோரம் கிடந்த முக்காலியில் அடக்கமாக உட்கார்ந்தான். பையனுக்குத் தாய்மாமனாக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்க முடியுமா, நாளைக்குப் பேத்தி அந்த வீட்டில் போய் வாழ வேண்டாமா. கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து, "நீங்க இருங்கக்கா, நான் ஊத்தறேன்" என்று மருமகள் கையிலிருந்த தண்ணீர் ஜக்கை வாங்கி எல்லோருக்கும் ஊற்றினான். அதைப் பார்த்து வந்தவர்கள் இவன் எங்கள் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவனும் உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்ததுமே என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, கைப்பக்குவம்னா இதுதான்" என்றான். நீ ஆயுசு பூராவும் என் கையால் சாப்பிட்டவன், ஒருநாள் சொல்லியிருப்பாயா. டீச்சரம்மா சொன்னது என்ன தெரியுமா. "உப்பு கம்மிதான், ஆனா உடம்புக்கு நல்லது." அதோடு விட்டாளா, நான் பேசும்போது, "மெதுவாப் பேசுங்கம்மா, எல்லாருக்கும் கேக்குது" என்கிறாள். எல்லோருக்கும் கேட்கத்தானே பேசுவது. அவளை அப்போதே மனசில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அது கிடக்கட்டும், பேச்சு நல்லபடியாக முடிந்தது. பஸ் நிலையம் வரை நானே கொண்டு விடுகிறேன் என்று என் மகன் கிளம்பினான். அந்தக் காரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி செத்து எத்தனையோ நாளாகிறது, நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். ஆனாலும் அவன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது, ஸ்பேனர் முதல் ஊசி டப்பா வரை அத்தனை சாமானும் டிக்கியில்தான். வழக்கமாக அவன் உள்ளே உட்காருவான், நாங்கள் தள்ளுவோம். அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ள வந்துவிட்டார். சம்பந்தி ஆகப்போகிறவர் வெயிலில் தள்ள, இவன் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா? இறங்கிவிட்டான்.

"நீங்க உட்காருங்க சம்பந்தி, நான் தள்றேன்."

"அதெப்படி, உங்க வண்டி, நீங்க உட்காருங்க."

"அப்ப மாப்பிள்ளை உட்காரட்டும்."

"மாமா தள்ள நான் உட்கார்றதா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

இப்படியே காரின் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பெண்களில் ஒருத்திக்கும் ஓட்டத் தெரியாது. கடைசியில் நீலச்சட்டைக்காரன், "பெரியவங்க நீங்க மல்லுக்கு நிக்காதீங்க, நான் உட்கார்றேன்" என்று ஏறி உட்கார்ந்தான். என்ன விட்டுக்கொடுக்கிற குணம் என்று நான் அசந்து போனேன்.

என் மகன், மருமகள், கண்ணாடிக்கடைக்காரர், பையன் எல்லோரும் தள்ளினார்கள். நான் கேட்டருகில் நின்று, "ம், ஒரே மூச்சா" என்று குரல் கொடுத்தேன். பையன் தள்ளிய தள்ளு இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, முகமெல்லாம் ரத்தச் சிவப்பாக. பேத்தி பிளாட்பாரத்தில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவன்தான் நம் வீட்டு மாப்பிள்ளை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். டீச்சரம்மாவும் போய் நின்றாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காதவள் என்னத்தைத் தள்ளியிருப்பாள், பேருக்குக் கை வைத்திருப்பாள். சலவைக் கடை முக்குக்குப் போவதற்குள் வண்டி இருமி, குலுங்கி, ஒரு புகையை விட்டுக் கிளம்பியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான். நாங்களும் ஆட்டினோம். "பார்த்துப் போப்பா, முக்கில பள்ளம் கிடக்கு" என்று சொன்னது உன் அக்காதான்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான் என்று நின்றோம். கண்ணாடிக்கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "உங்க தம்பி நல்லா ஓட்டறாரு."

"எனக்கு ஏது தம்பி? அவர் உங்க மச்சான் இல்லையா?" என்றான் என் மகன்.

"எனக்கு மச்சானே கிடையாதே."

"உங்க கூடத்தானே வந்தாரு?"

"உங்க வீட்டு ஜக்கைத் தூக்கிட்டு வந்து தண்ணி ஊத்துனாரே சம்பந்தி."

எல்லோரும் சலவைக் கடை முக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுகிறவருக்கே தெரியவில்லை என்றால் எனக்கு எங்கே தெரியப்போகிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்தே போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"கதவை உடைச்சானா?"

"இல்லீங்க, நாங்கதான் திறந்து விட்டோம்."

"சாவி?"

"வண்டியிலேயே இருந்துச்சு."

"வண்டியைக் கிளப்புறப்ப யாராவது தடுத்தீங்களா?"

"தள்ளினோங்க," என்றாள் மருமகள். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, ஒருத்தர் சிரிப்பு இல்லை. திரும்பி வந்தவரிடம் டீச்சரம்மா, "அந்த ஆள் அவங்க வீட்டு ஆள் மாதிரிதான் நடந்துக்கிட்டாரு" என்று அழுத்தமாகச் சொன்னாள். அதாவது குற்றம் எங்கள் பக்கமாம். இதையும் அந்த உப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். வண்டி போனால் போகிறது, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நீ ஏஜெண்டாக இருந்து போட்டுக் கொடுத்த இன்சூரன்ஸ் ஆயிற்றே, நம்பிக்கையாக உன் கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், தங்கமான குரல். "பாட்டி, நீங்க போட்டிருக்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். உங்க வண்டி யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கிடைக்கும். உங்க வண்டி திருடு போனா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்றாள். "அப்ப அந்தத் திருடன் எங்க வண்டியிலயே போய் எவனையாவது இடிச்சுட்டா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் பாட்டி, போலீஸ்ல எழுதிக் கொடுத்த நகலை எங்களுக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க, பின்னால உங்க தலையில விழக்கூடாது" என்றாள். ஆக, முன்னே பின்னே தெரியாதவனுக்கெல்லாம் உண்டு, வண்டியைத் தொலைத்துவிட்டு நிற்கிறவனுக்குக் கிடையாது. யார் இப்படிப் போடச் சொன்னது என்று மகனைக் கேட்டேன். நீதானாம். "இந்த வண்டியை எவன்டா திருடுவான், முழுசாப் போடறது தண்டம்" என்றாயாம். திருட ஆள் இருக்கிறது தம்பி. நீலச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இப்போது நிலைமை இதுதான். சாமான் இல்லை, வண்டி இல்லை, வேலைக்கு எப்படிப் போவது, இந்தக் கோலத்தில் கல்யாணத்தை எப்படி நடத்துவது, தள்ளிப் போடலாம் என்கிறான் என் மகன். பேத்தி தட்டில் வைத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. ஆனால் அந்தப் பையனைச் சொல்ல வேண்டும். காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, "மாமா ஏறுங்க" என்று இவனைப் பின்னால் உட்கார வைத்து, இரவல் வாங்கிய சாமான் பையை மடியில் கொடுத்து, வாடிக்கைக்காரர் வீடு வீடாக இறக்கிவிட்டுத்தான் தன் ஆபீசுக்குப் போகிறான். தள்ளும்போதே தெரிந்துவிட்டதே அவன் குணம். அம்மாதான் அப்படி, பிள்ளை சொக்கத் தங்கம். ஆகவே நீ உன் கம்பெனிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசி, கை கால் பிடித்து, ஏதாவது வாங்கிக் கொடு. வாங்கிக் கொடுக்காமல் கல்யாண வாசல்படியை மிதிக்காதே.

உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, பிள்ளை குட்டிகளோடு நிறைவாக இருங்கள். உன் பெண்டாட்டியை விசாரித்ததாகச் சொல். அவள் வாங்கிப் போன என் ஊறுகாய் ஜாடியையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் போலீசிலிருந்து ஆள் வந்தது. வண்டி கிடைத்துவிட்டது. என் மகன் என்றைக்கு அதில் நிறையப் பெட்ரோல் ஊற்றினான்? திருடன் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, தன் காசில் டாங்க் நிறைய ஊற்றிக்கொண்டிருக்கிறான். அப்புறம் வண்டி கிளம்பினால்தானே. தள்ளி விடுங்கள் என்று பங்க் ஆட்களைக் கேட்டிருக்கிறான், எங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டார்களாம். இதோ நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்று போனவன்தான், வரவில்லை. எங்களைப் போல ஆட்கள் அவனுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. உன் இன்சூரன்ஸ் காப்பாற்றாததைச் செத்த பேட்டரி காப்பாற்றியது, சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. கம்பெனியில் நீ யார் காலையும் பிடிக்க வேண்டாம். இனிமேல் முழு இன்சூரன்ஸ்தான், ஆனால் பேட்டரியை மாற்ற மாட்டேன் என்கிறான் என் மகன். கல்யாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று, பேத்தி இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டாள், நீ கட்டாயம் வா.

இன்னொன்று. எங்கள் தெருவில் ரோடு வேலை நடந்ததால் அன்றைக்கே வண்டியின் பின்பக்கம் பூராவும் புழுதி. தள்ளியவர்கள் கை அப்படியே பதிந்திருக்கிறது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். மூச்சுப் பிடித்துத் தள்ளினால் கை வழுக்கி, புழுதி கோடு கோடாக இழுபட்டிருக்க வேண்டும். என் மகன் கை, மருமகள் கை, கண்ணாடிக்கடைக்காரர் கை எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும்விட நீளமாக இழுபட்டது டீச்சரம்மா நின்ற இடம், வளையல் உரசிப் பெயிண்டே போயிருக்கிறது. பாவி, தோளில் பையோடு அத்தனை பாரத்தையும் அவள்தான் தள்ளியிருக்கிறாள். இனி அவள் உப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் பையன் நின்ற இடத்தில் இரண்டு உள்ளங்கையும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல, ஐந்து விரலும் ரேகையோடு, துளி இழுபடாமல் இருக்கிறது. முகத்தால் மட்டும் தள்ளியிருக்கிறான் தம்பி. பேத்தியிடம் காட்டினேன். "என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு பாட்டி, அதான்" என்று சிரிக்கிறாள். "பார்த்தது கண்ணு, கைக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கிறாள்.

கல்யாணம் நல்லபடி நடக்கட்டும், இரண்டு பேரும் நூறு வயசு இருக்கட்டும். உன்னை மன்னித்தேன், டீச்சரம்மாவை மன்னித்தேன், பெட்ரோல் ஊற்றிக் கொடுத்த அந்த நீலச்சட்டைக்காரனையும் மன்னித்தேன். மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது மாப்பிள்ளையை மட்டும்தான்.