கடைசி ஸ்லைடில் ஒரு கயிறு

மனிதர்களில் பேசுகிறவர்கள் உண்டு, பேசாதவர்கள் உண்டு. சுவரில் வெளிச்சம் விழுந்தால் மட்டும் பேசுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. நீங்கள் இந்த இனத்தைப் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் நுழைந்ததும் இது மனிதர்களைத் தேடாது. பிளக் பாயின்ட்டைத் தேடும். "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்கும். தெரியவில்லை என்று பதில் வந்தால், "பரவால்ல, நானே படிச்சுடறேன்" என்று சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நமக்கும் எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகமே இல்லாமல், சுவரில் உள்ளதை வரி விடாமல் வாசித்து முடித்து, "அடுத்தது" என்னும்.

நம்முடைய ஆள் ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர். ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் அவர் பொறுப்பு. கெட்டிக்காரர்தான். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவார். பிறகு அவருக்கு லேப்டாப் கொடுத்தார்கள். அதோடு போயிற்று. இப்போது மருத்துவமனை முழுக்க அவருக்கு 'அடுத்தது சார்' என்று பெயர்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னதும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். முதல் ஸ்லைடில் 'வணக்கம்'. இரண்டாவதில் 'குழாய்: ஓர் அறிமுகம்'.

"என்னங்க, வாஷர் மாத்தணும். அவ்வளவுதானே?"

"அது ஒம்பதாவது ஸ்லைடுல வருது. அவசரப்படாத."

குழாய் இன்னும் ஒழுகுகிறது.

குழாய் ஒழுகினால் தரை ஈரமாகும், அவ்வளவுதான். லிஃப்ட் அப்படியல்ல. நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றி இறக்குகிற ஒரே லிஃப்ட் அது. அதைத் தாங்குகிற இரும்புக் கயிறு புரி புரியாகப் பிரிந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் அவரே அதை நிறுத்திப் பூட்டுப் போட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிந்த கயிற்றைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். அன்று முதல் மூன்றாவது மாடி நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, படி வழியாக இறக்குகிறார்கள். அந்தப் பழைய லிஃப்ட்டுக்குக் கயிறு இப்போது கிடைப்பதில்லை; புது லிஃப்ட்டுக்கு நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதில் அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம்.

தலைமை நர்ஸ் அவருடைய அறைக்கே வந்தார். "சார், அந்தக் கயிறு போட்டோவ மொதல்ல போட்டுக் காட்டிடுங்க. பாத்த உடனே கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"க்ளைமாக்ஸ மொதல்லயே காட்டிட்டா அப்புறம் யாரு சிஸ்டர் உக்காந்து பாப்பாங்க?"

"சினிமாவா சார் ஓட்டப் போறீங்க? நேத்து படியில எறக்கறப்ப ஒருத்தருக்குத் தையல் பிரிஞ்சுடுச்சு."

"அதுவும் இருக்கு. முப்பத்தெட்டாவது ஸ்லைடு."

அவர் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் உழைத்தார். பின்னணியில் சூரிய அஸ்தமனம் வைத்தார், அதன்மேல் மஞ்சள் எழுத்து வைத்தார், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு திசையிலிருந்து பறந்து வந்து குட்டிக்கரணம் போட்டு உட்காரும்படி செய்தார், உட்காரும்போது கைதட்டல் கேட்கும்படியும் செய்தார், மருத்துவமனைச் சின்னத்தை மூலைக்கு ஒன்றாகச் சுழலவிட்டார். லிஃப்ட்டின் வரலாற்றுக்கு மட்டும் பதினோரு ஸ்லைடு. 'நன்றி'க்கு ஒரு ரோஜாக்கொத்து. அதற்கு முந்தைய நாற்பதாவதில், விஷயம் உள்ள கடைசி ஸ்லைடில், கயிறு.

கூட்ட அறை முதல் மாடியில். ஒரு மாடி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டே குழுவினர் ஏறி வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் கடைசி வரிசையில். லேப்டாப்பில் ப்ரொஜெக்டர் ஒயர் நுழையவில்லை. வேறு ஒயர் வந்தது, அதுவும் நுழையவில்லை. கடைசியில் பென் டிரைவை எடுத்து அறையில் இருந்த கம்ப்யூட்டரில் செருகினார். அவர் ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்திருந்த தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. சூரிய அஸ்தமனத்தின் மேல் எழுத்துகளுக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டங்கள் பறந்து வந்து, குட்டிக்கரணம் போட்டு உட்கார்ந்தன. கைதட்டல் கேட்டது. குழுவிலிருந்த கண் டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு வாயைத் திறந்திருப்பார்கள். நம்மவர் கட்டங்களை வாசித்தார். மனப்பாடம்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியுதா?"

"முன்னாடி இருக்கற எங்களுக்கே தெரியல" என்றார் குழுத் தலைவர். "சரி, சரி. அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. என்ன வேணும்னு நேரா சொல்லிடுங்க."

கயிறு பிரிந்துவிட்டது, புது லிஃப்ட் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நீங்களும் நானும் கொட்டாவி விடுகிற நேரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் இந்த இனத்துக்கு நாக்கும் சுவரும் ஒரே ஒயரில் ஓடுகின்றன. "அங்கதான் சார் வந்துட்டிருக்கேன்" என்று பொத்தானை அழுத்தினார். கடைசிக்குத் தாவுவது எப்படி என்று அவர் கற்றுக்கொள்ளவில்லை. கடைசி ஸ்லைடுக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஒவ்வொரு கட்டமும் பறந்து வந்தாக வேண்டியிருந்தது. கைதட்டல். பொத்தான். கைதட்டல்.

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார். "ஐயா, அந்த லிஃப்ட் கயிறு..."

"சிஸ்டர்" என்றார் நம்மவர், திரும்பாமலே. "கேள்வியெல்லாம் கடைசியில."

முப்பத்தொன்பதாவது ஸ்லைடில் ப்ரொஜெக்டர் சூடேறி, ஒரு முனகலோடு அணைந்தது. அறை இருட்டானது. சுவர் பேசவில்லை, அவர் என்ன பேசுவார்?

விளக்கைப் போட்டதும் தலைவர்தான் இரக்கப்பட்டார். "பாவம், எவ்வளவு உழைச்சிருக்காரு. மெஷின் காலை வாரிடுச்சு. மொதல்ல புது ப்ரொஜெக்டர் ஒண்ணு வாங்குங்க. லிஃப்ட்ட அடுத்த கூட்டத்துல இன்னும் விரிவா பாப்போம்."

ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள், இந்த முறை நிஜமாகவே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் வெளியே போய்விட்டிருந்தார்.

புது ப்ரொஜெக்டர் பெரிய பெட்டியில் வந்தது. இரண்டு பேர் தூக்கி வர, "பாத்து, பாத்து" என்று முன்னால் படியேறினார் நம்மவர். திருப்பத்தில் எதிரே நாற்காலியில் ஒரு நோயாளி இறங்கிக்கொண்டிருந்தார். குளுகோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நர்ஸ்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சிஸ்டர். கண்ணாடி சமாச்சாரம்."

தூக்கியவர்கள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்தார்கள். நோயாளி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். "என்ன சார் அது, புது லிஃப்ட்டா?"

"இல்லீங்க. லிஃப்ட்டப் பத்திக் காட்டறதுக்கு."

"கயிறு தெரியுமா சார் இதுல?" என்றார் நர்ஸ்.

கேலி என்று அவருக்குப் புரியவில்லை. முகம் மலர்ந்தது. "ஒவ்வொரு புரியும் தனித்தனியா தெரியும் சிஸ்டர்."

சிரிக்கிறீர்கள். லேப்டாப்பே இல்லாத எனக்கென்ன என்று தைரியம். போன வாரம் யாரோ உங்களிடம் அவசரமாக ஒன்று கேட்டார். ஆமாம் இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயம். "அதைச் சொல்றதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தீர்களே, நினைவிருக்கிறதா? அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

சொல்ல முடியாது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.