கொண்டைநாட்டின் புரதச் சட்டம்

கொண்டைநாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், வரைபடம் போடுகிறவர்கள் கோழிகளை மதிப்பதில்லை. அங்கே கோழிகளே குடிமக்கள், சேவலே மன்னர். உடனே முடியாட்சி என்று முகம் சுளிக்க வேண்டாம், சுத்தமான குடியாட்சிதான். விடியும்போது எந்தச் சேவல் முதலில் கூவுகிறதோ அதுவே நாட்டை ஆளும். போட்டி நியாயமாக நடக்க வேண்டுமே என்று, மாமன்னர் கொண்டையேந்தி கூவி முடிக்கும்வரை மற்ற சேவல்களையெல்லாம் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்திருப்பார்கள். தினமும் தேர்தல், தினமும் மன்னருக்கு அமோக வெற்றி.

அந்த நாட்டில் மன்னர் கூவினால்தான் ஓர் உத்தரவு சட்டமாகும். கூவிவிட்டாலோ, அதை மன்னரே நினைத்தாலும் மாற்ற முடியாது. தொண்டையை விட்டு வெளியே போன கூவலைத் திரும்ப விழுங்க எந்தச் சேவலாலும் முடியாது அல்லவா? அதனால் மன்னர் மிகவும் யோசித்தே கூவுவார் என்று வெளிநாட்டார் நம்பினார்கள்.

ஒருமுறை அண்டை நாட்டு மயில் தூதராக வந்தது. வரவேற்பின்போது சில கோழிகள் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்ததால் மண் பறந்து தூதரின் தோகையில் விழுந்துவிட்டது. தீவனத்துறை அமைச்சர் விரிவாலர் ஒரு வான்கோழி. அவமானத்தில் அவருடைய தாடை ஏழெட்டு நிறம் மாறியது.

"கிளறுதல் என்பது வளர்ந்த நாட்டுக்கு அழகன்று, மன்னா. தீவனத்தை அரசே தட்டில் வைத்துத் தரும். குடிமக்கள் குனிந்தால் போதும்."

மன்னர் கூவினார். கிளறல் ஒழிந்தது. புழுவும் கறையானும் மண்ணுக்கடியில் நிம்மதியாகக் குடும்பம் நடத்தின. அவற்றின் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததை அமைச்சகம் தன் சாதனையாக அறிவித்தது. கோழிகளுக்குத் தட்டில் சோளம் வந்தது. மறுநாளும் சோளம். மாறுதலுக்காகச் சில நாள் குருணை. முட்டைகள் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கின, ஓடு ஈரக் காகிதம்போல் ஆனது, இறகுகள் கொட்டத் தொடங்கின. கோடையை முன்னிட்டு மக்கள் மெல்லுடைக்கு மாறியிருப்பதாக அமைச்சர் விளக்கினார்.

கோடை போய் மழை வந்தும் இறகு முளைக்காதபோதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். வந்தவர் மெத்தடியார், ஒரு வெருகுப் பூனை. நடந்தால் சத்தம் கேட்காது. பேசினால் தூக்கம் வரும்.

"புரதக் குறைபாடு, மன்னா," என்றார் மெத்தடியார். "எலும்புத் தூள், இரத்தத் தூள், இறகுத் தூள். உலகம் முழுக்கக் கோழித் தீவனத்தில் இவற்றைத்தான் கலக்கிறார்கள்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மீன் தலையையும் கசாப்புக் கடை எலும்பையும் பக்குவமாக அரைத்துக் கலந்தால் நல்ல தீவனம்தான். யாருடைய எலும்பு என்பதை மட்டும் மன்னர் கேட்கவில்லை. நிபுணரிடம் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று அமைச்சர் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

முதலில் இறகு வரி வந்தது. உதிர்ந்த இறகை ஒப்படைத்தால் அரைத்துத் தீவனமாகத் திருப்பித் தருவார்கள். உதிராவிட்டால் அதிகாரிகளே வந்து உதவுவார்கள். இறகை ஆவியில் நன்றாக வேகவைத்து அரைத்தால்தான் செரிக்கும். ஆனால் விறகு வீண் செலவு என்று மெத்தடியார் கருதியதால் பச்சையாகவே அரைத்துப் பொட்டலம் கட்டி, மேலே மன்னர் படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். வெளியே குளிர், உள்ளே வயிற்றுவலி என்று நாடே நெளிந்தது. குடிமக்கள் ஆனந்த நடனம் ஆடுவதாக மன்னரிடம் சொல்லப்பட்டது.

"இறகு வரை வந்துவிட்டோம்," என்றார் மெத்தடியார், நாக்கால் மீசையைத் துடைத்தபடி. "இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். முட்டையிடாத கோழிகள் சும்மாதானே இருக்கின்றன?"

விரிவாலருக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. "கோழி என்று எழுதினால் மக்கள் பதறமாட்டார்களா?"

"கோழி என்று ஏன் எழுத வேண்டும்? விலங்கு என்று எழுதுவோம். கேட்க அறிவியலாக இருக்கும், யார் மனமும் புண்படாது."

விடிந்ததும் மன்னர் கூவினார். 'நாட்டில் உள்ள விலங்கின் எலும்பும் இரத்தமும் இன்றுமுதல் மக்கள் தீவனத்துக்கு உரியவை.' சொற்சுவையை எல்லோரும் ரசித்துக் கைதட்டினார்கள், அதாவது இருந்த சிறகை அடித்துக்கொண்டார்கள்.

கிராப்பி என்றொரு கோழி. தலையில் குடுமிபோல் இறகு நின்றதால் அந்தப் பெயர். இப்போது குடுமி மட்டும்தான் மிச்சம். அவள் கூடையில் அடை காத்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுக்க வந்த காவல் சேவல் அவளை முறைத்தது.

"ஏம்மா, நீ ஏன் முட்டை போடல?"

"போட்டதாலதானுங்க உக்காந்திருக்கேன். அடையில இருக்கேன். எந்திரிச்சா முட்டை ஆறிப்போயிடும்."

"அடை காப்பதை அரசு வேலையாகக் கருதுவதில்லை."

"அப்புறம் குஞ்சு எங்கேயிருந்துங்க வரும்?"

"அது அடுத்த ஆட்சியின் பிரச்சினை," என்றது காவல் சேவல்.

அவள் எழ மறுத்ததால் கூடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் பந்தல், மேளம், மக்கள் கூட்டம். கிராப்பிக்குத் 'தியாகச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இறகில்லாத கூட்டம் அந்தப் பொன்னாடையின் கதகதப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. சிறப்பு விருந்தினர் நாற்காலியில் மெத்தடியார் வாலைச் சுருட்டிக்கொண்டு, மிகுந்த பசியோடு அமர்ந்திருந்தார்.

கிராப்பிக்குப் பயமாக இருந்தது. தன்னை நினைத்து மட்டும் அல்ல. வயிற்றுக்கடியில் ஓடுகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் கொத்தத் தொடங்கியிருந்தன. இன்னும் சற்று நேரம் சூடு கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். எப்படியாவது விழாவை நீட்ட வேண்டும். விழாவை நீட்டுவதற்கு அமைச்சரைப் பேசவிடுவதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியவில்லை.

"ஐயா, நான் படிக்காதவளுங்க. சட்டத்துல விலங்குன்னு வருதே, அப்படின்னா என்னங்கய்யா?"

விரிவாலரிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. மகிழ்ச்சியில் அவருடைய வால் விசிறிபோல் விரிந்தது.

"நல்ல கேள்வி! விலங்கு எனப்படுவது யாதெனில், நான்கு கால்களும் உடலெங்கும் ரோமமும் உடையது. குட்டி ஈன்று பால் கொடுப்பது. மீசை இருப்பின் மிகவும் சிறப்பு."

"எனக்கு ரெண்டு கால்தானுங்களே?"

விரிவாலர் குனிந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அடைக்கோழியிடம் அப்படித் தலை நீட்டக் கூடாது. மூக்கில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குள் கிராப்பியின் நெஞ்சுக்கடியிலிருந்து ஈரம் காயாத குஞ்சு ஒன்று தள்ளாடி வெளியே வந்து, "கீச்" என்றது. அதற்கும் இரண்டே கால்.

எல்லாச் சிரமமும் மறந்து கூட்டம் சிரித்தது. எத்தனை நாளாயிற்று அந்த நாட்டில் ஒரு குஞ்சைப் பார்த்து! யாரோ ஒரு கோழி, "எனக்கும் ரெண்டு!" என்றது. "எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு!" என்றது இன்னொன்று. ஆளாளுக்குக் குனிந்து எண்ணினார்கள். காவல் சேவலுக்கு இரண்டு. அமைச்சருக்கு இரண்டு. மன்னரும் ஆர்வம் தாங்காமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே எண்ணி, இரண்டு என்று அறிவித்தார். இப்படியே வரிசையாக வந்தவர்கள் சிறப்பு விருந்தினர் நாற்காலியின் முன்னால் வந்து நின்றார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பந்தலில் மேளம்கூட நின்றுவிட்டது.

"வரைவில் சிறு பிழை, மன்னா," என்றார் மெத்தடியார், மெல்ல எழுந்தபடி. "மாற்றிக் கூவிவிடுங்கள்."

"கூவியாகிவிட்டதே, நிபுணரே," என்றார் மன்னர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்கள் எழுத்துதானே? நன்றாகத்தான் இருந்தது."

பொன்னாடையை உதறிவிட்டுக் கிராப்பிதான் முதலில் கொக்கரித்தாள். அடுத்த நொடி நாடே எழுந்தது. மெத்தடியார் நாற்காலி, பந்தல்கால், மதில் என்று தாவி ஓடினார். அன்றுதான் அவருடைய காலடிச் சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள். துரத்திய வேகத்தில் கோழிக் கால்கள் மைதானத்தையே பெயர்த்துவிட்டன. கொழுத்த கறையான்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன. துரத்தியவர்கள் துரத்தலை மறந்தார்கள். மன்னரும் இறங்கி வந்து இரண்டு காலாலும் வாரினார். விழா அவசரத்தில் காலையில் திறக்க மறந்திருந்த பஞ்சாரச் சேவல்களையும் யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் கிராப்பியின் கூடை முழுக்கக் கீச்சுச் சத்தம். அவளுடைய சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கிளறல் தடையும் கூவிய சட்டம்தானே? விரிவாலர் மூக்கில் கட்டோடு அறிக்கை வெளியிட்டார்: குடிமக்கள் செய்தது கிளறல் அன்று, புரதச் சட்டத்தின்படி தலைமறைவான விலங்கைத் தேடுதல். இத்தேடலை அன்றே திட்டமிட்டவர் மாமன்னரே.

அன்றிலிருந்து கொண்டைநாட்டில் நாள்தோறும் குப்பைமேட்டில் தேடுதல் வேட்டை நடக்கிறது. விலங்கு இன்னும் அகப்படவில்லை. முட்டைகள் பெருத்துவிட்டன, இறகுகள் மினுமினுக்கின்றன. வெளிநாட்டு நிபுணர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மற்ற நாடுகளில் அப்படி வருகிறவர்களுக்கு முதலில் மாலை போடுவார்களாம். இங்கே முதலில் குனிந்து கால்களை எண்ணுகிறார்கள்.