ஐந்து சுவர் ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்

"இடது பக்கத்து ஸ்பீக்கர் குடத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி, சோபாவின் நடுவில் சம்மணமிட்டபடி.

"குடமா? ஏண்டி, ஆறு வருஷமா ஆசைப்பட்டு வாங்கினது உனக்குக் குடமா?"

தெருவில் அவருக்குக் குக்கர் என்று பெயர். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். இருபது வருஷம் இயந்திரத்துக்கு அருகில் நின்றதில் இடது காது பாதி அடைத்துவிட்டது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் விசில் அடித்துவிடும். ஆனால் கடையில்தான் வசமாக மாட்டிக்கொண்டார். தரையில் நிற்கும், இடுப்பு உயர ஜோடி ஸ்பீக்கர். ஏழு நாள் வீட்டில் வைத்துக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார் கடைக்காரர்.

"பிடிக்குதா இல்லையான்னு நான்தான் சொல்வேன். எனக்கு ரெண்டு காதும் கேக்கும்," என்று அங்கேயே போட்டு உடைத்தாள் மனைவி. மேற்கொண்டு மானம் போகாமலிருக்க, குக்கரும் தலையாட்டிவிட்டார்.

இன்று ஏழாவது நாள். ஆறு மணிக்குக் கடை வண்டி வரும். அதற்குள் அவள் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று வராவிட்டால் ஜோடி திரும்பிப் போய்விடும்.

ஸ்பீக்கரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. சதுரமான அறை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் சிரித்துக்கொண்டு ஒரு மனிதன். குக்கர் வீட்டு ஹாலுக்கோ ஐந்து சுவர். தெரு வளைகிற இடத்தில் மனை என்பதால் ஒரு சுவர் சாய்வாக ஓடும். போதாக்குறைக்கு ஒரு தூண், அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி அறைக்குள் நிற்கும்.

"இதைக் கட்டினவன் நூல் பிடிச்சுக் கட்டலைடி, தூக்கத்துல நடந்துக்கிட்டே கட்டியிருக்கான்!" என்று தூணை ஓர் உதை விட்டார். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல் வீங்கிவிட்டது.

நொண்டிக்கொண்டே இடது ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்தார். சிமெண்ட் மூட்டைக் கனம். அது போய்க் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"இப்ப?"

மனைவி கண்ணை மூடிக் கேட்டாள். "குடம் போயிடுச்சு. ஆனா ஜன்னல் பக்கம் என்னமோ தகரம் அதிருதுங்க."

"அது பீரோ!"

"எனக்கென்ன தெரியும்? காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல ஒரு சாமானை நகர்த்தினதில்ல நான். வச்சது வச்ச இடத்துல இருக்கணும்!"

"நகர்த்துங்கன்னு நான் சொல்லவே இல்லையே. அப்படியே இருக்கட்டும். வண்டிக்காரர் ஆறு மணிக்குத்தானே வர்றார்?"

குக்கர் பீரோவில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார். பாதி வழியில் அதன் ஒரு கால் கழன்றுகொண்டது. கதவு தானாகத் திறந்து, மடித்து வைத்த துணியெல்லாம் தலையில் கொட்டியது. ஒரு சட்டை காதில் தொங்க, பீரோவைச் சாய்வுச் சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"தகரம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. இப்ப ஜன்னல் பக்கம் வெறிச்சோடிப் போய் எதிரொலி வருது. கல்யாண மண்டபத்துல பேசுற மாதிரி."

"உன் காது காதா, இல்ல வேற ஏதாவதா?"

"என் காதைப் பத்திப் பேசாதீங்க. நான் யார் காதைப் பத்தியாவது பேசினேனா?"

குக்கர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். வெறிச்சோடிய இடத்தை எதைக் கொண்டு அடைப்பது? சமையலறைக்குப் போகும் இருட்டு நடையில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். மெஷினை இழுத்துவந்து ஜன்னலடியில் 'டம்' என்று வைத்தார்.

"எதிரொலி போச்சுங்க! ஆனா..."

"ஆனா-வா? ஆனா-ன்னா என்ன?"

"பாடுறவங்க டிவிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்காங்க."

டிவி படுக்கையறைக்குப் போனது. மேசை கதவில் இடித்து, கதவுத் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அடுத்து அவருடைய சாய்வு நாற்காலியில் பாட்டு 'சிக்கிக்கொண்டது', அது பால்கனிக்குப் போனது. சோபா தூணை ஒட்டித் திரும்பியது. அவர் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"இந்தக் கட்டடம் வேண்டாம்! இந்தக் கடை வேண்டாம்! அந்தப் புத்தகத்துல சிரிக்கிறான் பாரு, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

மணி ஆறாகப் பத்து நிமிடம். குக்கருக்குப் பேசவும் மூச்சில்லை. அதே பாட்டை நாற்பதாவது தடவை போட்டார். மனைவி கண்ணை மூடினாள். மெல்லத் தலையசைத்தாள்.

"நல்லா இருக்குங்க."

"என்ன?"

"ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே இருக்கட்டும். இனிமே எதையும் நகர்த்திடாதீங்க."

குக்கர் துள்ளாத குறை. கடைக்குப் போன் போட்டார். "வண்டி வேண்டாம்யா! என் வீட்டு அம்மாவே ஒத்துக்கிட்டாங்க!" மெஷின் ஓட்டுகிறவன் கை வைத்தால் எது சரியாகாது என்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொள்ளும் நேரத்தில் வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டு அம்மா. காலையிலிருந்து தலைக்குமேல் பீரோவும் சோபாவும் இழுபட்டதற்குச் சண்டை போடத்தான் வந்திருப்பாள். குக்கர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"என்ன வேணும்? சத்தம் வரத்தான் செய்யும். என் வீடு, என் ஸ்பீக்கர்!"

அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டி, ஜன்னல், மெஷின், பீரோ, சோபா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவளிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

"அக்கா, ஹால்ல எது எங்க இருக்கணும்னு போன மாசம் பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினீங்களே, அச்சு அசலா அப்படியே வந்துடுச்சு! எங்க வீட்டுக்காரரையும் நாளைக்கே ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கச் சொல்றேன்."