வலி எப்போதிலிருந்து

"அக்கா, டாக்டர்கிட்ட ஏன் எல்லாத்தையும் சொன்னீங்க?"

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. காப்புறுதிக் கவுண்டரில் இருந்த ஆப்ரின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சுபத்திராவுக்கு மறுநாள் காலை பித்தப்பைக் கல் அறுவை. காப்புறுதி நிறுவனம் செலவை ஏற்பதாகக் கேரண்டி லெட்டர் அனுப்பினால்தான் அட்மிஷன். அது வரவில்லை.

"எத்தனை நாளா வலின்னு டாக்டர் கேட்டாரும்மா."

"ரெண்டு வாரம்னு சொல்லியிருக்கணும் லா. பல வருசம்னு சொல்லியிருக்கீங்க. அவரும் எழுதிட்டாரு. நீங்க இன்ஷூரன்ஸ் மெடிக்கல் கார்டு எடுத்தே மூணு வருசம்தான். அதுக்கு முந்தின நோய்னா பணம் தரமாட்டாங்க."

சுபத்திரா அந்தக் கால்மணி நேரத்தை நினைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்து, "அப்புறம்?" என்றார். அவளிடம் யாரும் 'அப்புறம்' என்று கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. கேட்டதும் கொட்டிவிட்டாள்.

திருத்தச் சொல்லி டாக்டரிடமே போனாள். அவர் மரியாதையாக மறுத்தார். 'பதிவை மாற்றும்படி நோயாளி கேட்டார்' என்று அதையும் கீழே எழுதிவைத்தார்.

அடுத்து ஏஜெண்ட் வசந்தனுக்குப் போன் போட்டாள். கணவனின் சித்தப்பா மகன். சொந்தக்காரன் என்பதால்தான் அவனிடம் கார்டு எடுத்தார்கள். சொந்தக்காரன் என்பதால்தான் விண்ணப்பப் பாரத்தை யாரும் படிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டது.

"அந்த நோய் இருக்கா, இந்த நோய் இருக்கான்னு கேட்டிருந்தானுங்க அண்ணி. கல்யாண வீட்டுல அதையெல்லாம் போய் கேப்பாங்களா? எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிட்டேன்."

"இப்ப என்ன செய்றது?"

"வலியைக் கூட்டிச் சொல்லிட்டேன்னு ஒரு லெட்டர் கொடுங்க. முடிஞ்சிரும்."

முடியவில்லை. அப்படியானால் வீட்டில் உள்ளவரிடம் விசாரித்து உறுதி செய்கிறோம் என்றது நிறுவனம். வீட்டில் உள்ளவர் அவள் கணவன் பிரேமகுமார் மட்டும்தான்.

அன்றைக்கு முதல்முறையாகச் சுபத்திராவுக்கு நிம்மதி வந்தது.

வீட்டில் அவன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயதில், கேமில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

"இன்ஷூரன்ஸ்காரங்க உங்களுக்குப் போன் பண்ணுவாங்க."

"ம்." திரை ஓரத்துச் சிவப்புக் கோடு சுருங்கியது. "அலமாக், சாகப் போறேன். இரு, இரு. இதுல ஒரு பெட்டியைத் திறந்தா போதும், உயிர் முழுசா வந்துரும். பாரம் கிடையாது, ஏஜெண்ட் கிடையாது."

"எனக்கு எப்பலேர்ந்து வலின்னு கேப்பாங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"ம். நாளைக்கு நீயே போயிக்குவல்ல?"

"போயிக்குவேன்."

பொய் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. வலி வரும்போதெல்லாம் சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பத்தடி தூரத்தில் அவன், முகம் தெரியாத கூட்டாளிகளுக்கு மருந்துப் பெட்டி வீசிக்கொண்டிருப்பான். ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. இத்தனை வருடம் அவளை அறுத்த அந்த அலட்சியம்தான் இப்போது அவளுக்குச் சாட்சி. இந்தக் கல்யாணத்தில் அவன் செய்யப்போகும் ஒரே உபகாரம். அதையும் ஒன்றும் செய்யாமலேயே செய்துவிடுவான்.

மறுநாள் காலை துணிப்பையோடு கவுண்டரில் போய் நின்றாள்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு அக்கா. பழைய நோயாம்."

"அவர்கிட்ட கேக்கலையா? அவருக்கு ஒண்ணுமே தெரியாதே."

ஆப்ரின் கணினித் திரையை ஒருமுறை படித்தாள். பிறகு, இப்போதுதான் பார்ப்பவள் போல அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமா வலியாம், வலது விலாவுக்குக் கீழயாம், அழுறது வெளிய கேக்கக்கூடாதுன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்குவீங்களாம், எல்லாம் உங்க ஹஸ்பண்ட் சொன்னதுதான், கொடுத்து வச்சவங்கக்கா நீங்க, எங்க வீட்டுக்காரருக்கு எனக்குத் தலைவலின்னாகூடத் தெரியாது."