சட்டியரின் காணாக்கடி வரைபடம்

மட்டக்களப்பு மாவட்டத்தையே தன் தோலில் சுமந்து திரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சட்டியர். வெல்லாவெளிப் பக்கம் சட்டி சட்டியாக எருமைத் தயிர் போடுபவர், அதனால்தான் அந்தப் பேர்.

டவுனில் ஒரு கிளினிக்கில் நான் இரத்தம் எடுப்பவள். முதல் நாள் அவர் சட்டையைக் கழற்றியதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். எது கடித்ததென்றே தெரியாமல் அரித்து, உடம்பெல்லாம் சிவந்து தடித்த காணாக்கடி. ஒவ்வொரு தடிப்பையும் சுற்றி நீலப் பேனாக் கோடு, பக்கத்தில் நேரம்!

"என்ன அண்ணன் இது?"

"எல்லை போட்டிரிக்கன் தங்கச்சி. முதுகு வெல்லாவெளி, முழங்கை தன்னாமுனை, வயிறு டவுன். விடியக்க தன்னாமுனையில இரிந்தவன் இப்ப டவுனுக்கு வந்திட்டான். பஸ் புடிச்சிருப்பான்!"

ஏழு மாதமாக ஒரு நாள் தவறாமல் இந்த வேலை. முதுகுக்குக் கோடு போடும் உத்தியோகம் மனைவிக்கு. குளிக்குமுன் எல்லாவற்றையும் கொப்பியில் பதிந்துவிடுவாராம். எந்தத் தடிப்பும் ஒரு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று டொக்டருக்கே இவர்தான் சொன்னார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "இரத்தம் உறையிற வேலை உங்களுக்கு உள்ளுக்க கூடுதலா நடக்குது" என்றார் டொக்டர்.

சட்டியர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "ஐயோ! முப்பது வருசமா உறைமோருல கை வச்சி வச்சி, உறை ரத்தத்துல ஏறிட்டு!"

டொக்டர் அதற்கு மேல் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய், பாலைத் தயிராக்கும் அந்த உறைமோரை அப்படியே வாசலில் ஊற்றிவிட்டார். தயிரை நம்பிய குடும்பம். சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன, பால் அயல் வீடுகளின் தேத்தண்ணிக்குப் போனது. மூன்றாவது வாரம் அவர் மனைவி எனக்குப் போன் பண்ணி அழுதார்: "இந்த மனிசன் தொழிலை விட்டா நாங்க என்ன செய்யிற புள்ள?"

அவரை அனுப்பி வைக்கச் சொன்னேன். சட்டியர் கொப்பியோடு வந்தார். நானும் டொக்டரும் வாய் திறக்குமுன் அவரே தீர்ப்புச் சொன்னார்.

"மூணு கிழமை உறைமோரைத் தொடல்ல ஐயா. காணாக்கடி குறையல்ல, வெல்லாவெளியில இன்னும் கூட. அப்ப உறைமோருல குற்றமில்ல. மறுகா எதுல?"

டொக்டர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்: "காயம் பட்டா இரத்தத்த உறைய வைக்கிற சாமான் இரிக்கெல்லோ, அது காயமே இல்லாம தோலுக்குள்ள முழிச்சிக்கிது. முழிச்சி, அங்க இரிக்கிற கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள உசுப்பி விடுது எண்டு சொல்றாங்க. அதுகள் கக்கிறதுதான் இந்தக் கடியும் தடிப்பும். இரத்தம் கட்டியாகல்ல, பயப்பிடாதீங்க. நோய் எவ்வளவு கடுமை எண்டு அந்த ரிப்போட் காட்டுது, அவ்வளவுதான்."

சட்டியர் கண் இமைக்காமல் கேட்டார். "காயமே இல்லாம காவலுக்கு ஓடி வருதா? பாவம் ஐயா, நல்ல மனசோட பிழை விடுது!"

சொந்த உடம்பு மாதக்கணக்கில் படுத்திய பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துப் பாவம் என்ற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றே மருந்து மாறியது. அடுத்த நாளே சட்டிகளும் நிமிர்ந்தன. இரண்டு மாதம் கழித்து, இறுக உறைந்த ஒரு சட்டித் தயிரோடு வந்து கைகளை நீட்டினார். ஒரு கோடுகூட இல்லை.

"எல்லாரும் பஸ் ஏறிப் போயிட்டாங்க தங்கச்சி. இனி எனக்கென்னத்துக்கு இது?" என்று நீலப் பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் நுளம்பு கடித்து என் கை தடித்தால், அந்தப் பேனாவால் சுற்றி ஒரு கோடு போட்டு, நேரம் எழுதி, வெல்லாவெளி என்று பேர் வைக்கிறேன்.