சுவரில் இருந்த மூன்று வரி

அரியாங்குப்பம், புதுச்சேரி
12-2-1984

பெரிய மாப்பிள்ளை ராஜாங்கத்துக்கு, உங்கள் தம்பியின் மாமனார் அம்மாவாசை எழுதுவது. எழுத்து ஏறியும் இறங்கியும் போவதற்கு மன்னிக்கவும். முதியோர் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் முழுக்க நானே எழுதியது. யாரும் கை பிடிக்கவில்லை. அங்கே எல்லோரும் நலமா? இங்கே உங்கள் தம்பி கொளஞ்சியைத் தவிர எல்லோரும் நலம்.

போன செவ்வாய்க்கிழமை ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் வந்தவரை லாரி இடித்து வலது கால் நசுங்கிவிட்டது. நானும் மகள் அஞ்சலாட்சியும் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சன்னலில் இருந்த குமாஸ்தா, "இது போலீஸ் கேஸு. ஸ்டேஷன்ல சீட்டு வாங்கியா, அப்பறம்தான் தொடுவாங்க" என்றார். ஓடினேன். ஏட்டு, "பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார். நடுவில் என்றேன். "நடு எங்களுது இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போ." அங்கே போனால் அவர்களுடையதும் இல்லையாம். பாலத்தின் நடுவை மட்டும் பிரெஞ்சுக்காரன் இன்னும் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

வெறுங்கையோடு திரும்பினேன். கொளஞ்சி தாழ்வாரத்தில் கிடக்கிறார். அஞ்சலாட்சி புடவையெல்லாம் ரத்தம். எதிர்ச்சுவரில் வெளிறிய எழுத்து. எழுத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்: "பலத்த காயத்துக்கு முதலில் சிகிச்சை. போலீஸ் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. மறுத்தால் பெரிய டாக்டரிடம் சொல்லவும்."

"யோவ் பெருசு, ஏன்யா கத்துற?"

"கத்தலைங்க. படிக்கிறேன்."

குமாஸ்தா வெளியே வந்து பார்த்தார். பதினோரு வருடமாக அதற்குக் கீழேதான் சைக்கிளை நிறுத்துகிறாராம். "இத எப்ப எழுதுனாங்க?" என்கிறார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் வந்தார். "ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நாங்கள் வந்தே மூன்று மணி நேரம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் முன்பே பள்ளியில் சேர்ந்திருந்தால் வந்தவுடனே படித்திருப்பேன், மாப்பிள்ளை.

உயிருக்குப் பயமில்லை, கஞ்சி குடிக்கிறார். "நீங்க படிச்சது காலுக்குத்தான் லேட்டு மாமா, உசுருக்கு இல்ல" என்று சிரிக்கிறார். அஞ்சலாட்சிதான் சிரிக்கவில்லை. இனி வருகிறவர்களுக்குக் கவலை இல்லை, சுவர் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

பி.கு.: இன்று கஞ்சி கொண்டுபோனேன். தாழ்வாரம் முழுக்க வெள்ளையடித்திருக்கிறார்கள். மூன்று வரியும் இல்லை. "இனிமே எதப் படிப்ப பெருசு?" என்கிறார் குமாஸ்தா. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். உங்களுக்கு இல்லை, அந்தச் சுவரில். கரி எடுத்து வைத்துவிட்டேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.